ஒரு பெயர், பல குலம்

பெயர் என்பது பிறர் நம்மை அழைப்பதற்காக ஏற்பட்டது. நம்மை அளப்பதற்காக ஏற்பட்டதன்று. ஆயினும் ஒருவர் தம் பெயரைச் சொல்லி முடிக்குமுன், கேட்பவர் உள்ளத்தில் அவருடைய ஊர், சமயம், குலம், தொழில் அனைத்தும் ஒரு கணக்காகக் கூட்டப்பட்டு விடுகின்றன. முதற்பெயரைக் காட்டிலும் அதன் பின்னே ஒட்டிவரும் பட்டப்பெயருக்கே இக்கணக்கில் பங்கு மிகுதி. ஒரே பட்டப்பெயர் உடையோர் அனைவரும் ஒரே குருதியினர் என்றும், வேறு பட்டப்பெயர் உடையோர் வேறானவர் என்றும் நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதைப் பழனிமலைச் சாரலில் நன்கு வழங்கும் ஒரு பெயரைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பெயர் 'இராவுத்தர்' என்பதாகும்.

பழனி, வத்தலக்குண்டு, பெரியகுளம், உத்தமபாளையம் என மலையடிவாரத்து ஊர்கள் பலவற்றில் இராவுத்தர்கள் வாழ்கின்றனர். வீட்டிலும் கடையிலும் தமிழே பேசுபவர்கள். தந்தையை 'அத்தா' என்று அழைப்பவர்கள். உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரி, ஹாஜி கருத்த இராவுத்தர் பெயரைத் தாங்கி இன்றும் கல்விப்பணி ஆற்றி வருகிறது. நம்மில் பலர் இப்பெயரோடு பிறந்தோம். பலர் இப்பெயருடையோரின் அண்டை வீட்டில் வளர்ந்தோம். எனவே இதன் வரலாறு நமக்கு அயலானதன்று.

சொல்லின் பிறப்பு

'இராவுத்தன்' என்னும் சொல்லுக்குக் குதிரைவீரன் என்பது பொருள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இப்பொருளைத் தருகிறது. இச்சொல் தமிழிலோ அரபியிலோ பிறந்ததன்று. 'இராஜபுத்திர' என்னும் வடசொல் பிராகிருதத்தில் நைந்து 'ராவுத்த' என்று ஆயிற்று என்பர் மொழிநூலார். மராத்தியில் 'ராவூத்' என்றால் குதிரைப்படை வீரன். கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் 'ராவுத', 'ராகுத்த' என்னும் வடிவங்கள் வீரர்களின் பெயரோடு சேர்ந்து வருகின்றன. ஆகவே, அரசன் மகனைக் குறிக்கப் பிறந்த ஒரு சொல், அரசனுக்காகக் குதிரை ஏறிய வீரனைக் குறித்து, பின்னர் அவ்வீரனின் வழிவந்தோருக்குப் பட்டமாக நிலைத்தது எனலாம்.

தமிழகத்தில் இப்பட்டம் முஸ்லிம்களுக்கு உரியதாக ஆனமைக்குத் தக்க காரணம் உண்டு. தமிழ்நாட்டின் தட்பவெப்பம் உயர்சாதிக் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. பாண்டியர் தம் படைக்கு வேண்டிய குதிரைகளை அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கடல்வழியே தருவித்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் இங்கு இன்மையால் அவற்றுள் பெரும்பகுதி மாண்டு போனதையும் எழுதி வைத்திருக்கிறார். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரை ஓராண்டில் மாண்டால் அரசின் கருவூலம் என்னாகும்? எனவே குதிரையைக் கொண்டுவருவோர்க்கு மட்டுமன்றி, அதனைப் பழக்கவும் பேணவும் ஏறிச் செலுத்தவும் வல்லார்க்கும் தமிழ்நாட்டு அரசவைகளில் மதிப்பு ஏற்பட்டது. இவ்வணிகம் முஸ்லிம் வணிகர் கையில் இருந்தமையால், குதிரையோடு தொடர்புடைய பட்டமும் காலப்போக்கில் முஸ்லிம்களிடையே வேரூன்றியது இயல்பே.

இராவுத்தர்களின் முன்னோர் யாவர் என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. துருக்கியக் குதிரைவீரர் வழியினர் என்று கூறும் மரபு ஒன்று. திருச்சிராப்பள்ளியில் அடங்கியுள்ள நத்தர்வலி அவர்களின் கையால் இஸ்லாத்தைத் தழுவியோர் வழியினர் என்று கூறும் மரபு மற்றொன்று. கள்ளர், மறவர் முதலிய தமிழ்ப் போர்க்குடிகளிலிருந்து இஸ்லாத்திற்கு வந்தோர் என்று கூறும் மரபு பிறிதொன்று. இவற்றுள் ஒன்று மெய், ஏனைய பொய் என்று வழக்காட வேண்டிய தேவை நமக்கில்லை. ஓர் ஊரில் ஒன்றும் மற்றோர் ஊரில் மற்றொன்றும் மெய்யாகலாம். ஒரே குடும்பத்தில் தந்தைவழிக்கு ஒன்றும் தாய்வழிக்கு ஒன்றும் மெய்யாகலாம். குதிரை ஏறியவர் எவராயினும் அவருக்கு அப்பட்டம் கிடைத்தது. பட்டம் தொழிலைச் சொன்னது, குருதியைச் சொல்லவில்லை. நாம் வற்புறுத்த விரும்பும் கருத்தின் வித்து இதுவே.

திண்டுக்கல் வட்டாரம் குதிரைப்படைக்குப் புதியதன்று என்பதையும் இவ்விடத்து நினைவு கொள்ளலாம். மைசூர்ப் படையில் உயர்ந்து வந்த ஹைதர் அலி 1755ஆம் ஆண்டில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்ந்தார். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை இம்மலையடிவாரம் குதிரைக் குளம்பொலி ஓயாத நிலமாகவே இருந்தது.

பழனி முருகனும் ஓர் இராவுத்தன்

இப்பெயரின் பயணத்தில் வியப்புக்குரிய இடம் இனிமேல்தான் வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அருணகிரிநாதர், கந்தர் அலங்காரத்தில் முருகப்பெருமானையே 'இராவுத்தன்' என்று விளிக்கிறார். முருகனுக்கு ஊர்தி மயில். மயிலைக் குதிரையாகவும் முருகனைக் குதிரைவீரனாகவும் கண்ட பக்திக் கற்பனை அது. அக்காலத் தமிழர் செவியில் 'இராவுத்தன்' என்பது வேற்றார் பெயராக ஒலித்திருந்தால், அருணகிரியார் தம் வழிபடு கடவுளுக்கு அதனைச் சூட்டியிருப்பாரா? வீரமும் விரைவும் பொலிவும் உடைய ஒருவனைக் குறிக்க அச்சொல்லே பொருத்தமானது என்று ஒரு பெரும்புலவர் கருதினார் என்றால், அச்சொல்லுக்கும் அச்சொல்லால் குறிக்கப்பட்டோருக்கும் அன்றைய சமுதாயத்தில் இருந்த மதிப்பு நன்கு விளங்கும்.

பழனி, முருகனின் படைவீடுகளுள் ஒன்று. மலைமேல் உறையும் இறைவனை அடியார் ஒருவர் இராவுத்தன் என்று பாடினார். மலையடிவாரத்தில் கடை வைத்தவரையும் ஊரார் இராவுத்தர் என்றே அழைத்தனர். இருவருக்கும் வழிபாட்டில் ஒற்றுமை இல்லை. கொள்கையில் ஒற்றுமை இல்லை. ஆயினும் ஒரு தமிழ்ச் சொல்லில் இருவரும் சேர்ந்து நிற்கின்றனர். ஓரிறைக் கொள்கையில் உறுதியாக நிற்கும் நாம் இதனைச் சமயக் கலப்பென்று அஞ்ச வேண்டியதில்லை. மொழி தன் பிள்ளைகளுக்குப் பொதுவாக வைத்த சொத்து என்று கொள்வதே தகும்.

செஞ்சி வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில்கள் பலவற்றில் 'முத்தால இராவுத்தர்' என்னும் காவல் வீரர் ஒருவர் இடம்பெறுகிறார். அவர் முஸ்லிம் என்பதே அப்பகுதி மக்களின் நம்பிக்கை. பாண்டவர் கதையைக் கூத்தாக ஆடும் சிற்றூர் மக்கள், தம் அம்மனுக்குக் காவலாக ஒரு முஸ்லிம் குதிரைவீரரை நிறுத்தியிருக்கின்றனர். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய விரிவான நூலில் இவரைப் பற்றி ஆராய்ந்துள்ளார். நம்பிக்கைகளின் சரிபிழை ஒருபுறம் இருக்க, இராவுத்தர் என்றால் காப்பவர் என்னும் எண்ணம் தமிழ்ச் சிற்றூரில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எல்லை கடந்த உறவு

தமிழ்நாட்டைவிட்டு வெளியே செல்வோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இறங்கினால் பாலக்காட்டிலும், மலைக்கு அப்பால் இடுக்கி, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களிலும் இராவுத்தர்கள் உள்ளனர். அவர்களிற் பலர் இன்று மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஓ. வி. விஜயன் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கசாக்கின் இதிகாசம்' என்னும் மலையாளப் புதினம், பாலக்காட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழும் இராவுத்தர்களின் கதையையும் கொண்டது. மலையாள உரைநடையின் போக்கையே மாற்றியதாகப் போற்றப்படும் ஒரு நூலின் மாந்தர் நம் பெயரைத் தாங்கியவர்கள் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வடக்கே சென்றால் இப்பெயரின் உடன்பிறப்புகள் வேறு கோலத்தில் நம்மை எதிர்கொள்கின்றன. மகாராட்டிரத்தில் 'ராவுத்' என்பது பல சாதியாரிடையே வழங்கும் குடும்பப்பெயர். சத்தீசுகரில் ஆநிரை மேய்க்கும் யாதவரே 'ராவுத்' எனப்படுகின்றனர். அவர்கள் ஆடும் 'ராவுத் நாச்சா' என்னும் கோலாட்டம் புகழ்பெற்றது. ஒடிசாவில் 'ராவுத்', 'ராவுத்ராய்' என்னும் பெயர்கள் உள்ளன; 1986ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்ற ஒடியாக் கவிஞர் சச்சிதானந்த ராவுத்ராய் அப்பெயருக்குப் பெருமை சேர்த்தவர். நேபாளத்திலும் 'ராவுத்' உண்டு. இமயமலைச் சாரலில் உத்தரகண்டத்தில் 'ராவத்' என்னும் பெயர் மிகுதி.

இந்தியாவின் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாக 2020 சனவரி முதல் நாளில் பொறுப்பேற்ற பிபின் ராவத், உத்தரகண்டத்தில் பிறந்தவர். 2021 டிசம்பர் 8ஆம் நாள் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து அவர் உயிர் நீத்தார். தீப்பற்றி எரிந்த இடத்திற்கு முதலில் ஓடிச்சென்று, தம் வீட்டுக் கம்பளங்களைக் கொடுத்து உதவியவர்கள் அச்சிற்றூரின் எளிய தமிழ் மக்கள். இமயத்தின் ராவத்தும் பழனிமலையடிவாரத்து இராவுத்தரும் பெயரால் ஒரே வேரினர் என்பதை அன்று செய்தித்தாள் படித்த நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஒருவர் கடுவாலி பேசும் மலைநாட்டார், ஒருவர் தமிழர். பெயர் மட்டும் இருவருக்கும் ஒரே பாட்டன் வைத்தது போல் ஒலிக்கிறது.

படைத்தளபதி, ஆயர், கவிஞர், வணிகர், திரைப்படத் தயாரிப்பாளர் எனப் பலரும் இப்பெயரில் அடங்குவர். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேப்டன் பிரபாகரன்' படத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிகளிலெல்லாம் 'இப்ராகிம் இராவுத்தர்' என்னும் பெயர் அறிமுகமாயிற்று. இவர்கள் அனைவரையும் ஒரு பந்தலின் கீழ் அமர்த்தினால், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. ஒருவர் உணவு மற்றவருக்குப் பழகாது. இவர்களை இணைப்பது குருதியன்று; என்றோ ஓடிய குதிரையின் நிழல் மட்டுமே.

மலைமேல் காணும் பிற பெயர்கள்

இஃது இராவுத்தர் என்னும் ஒரு பெயருக்கு மட்டும் உரிய புதுமையன்று. பழனிமலையின் மேல் ஏறினாலும் இதே உண்மை காத்திருக்கிறது. கொடைக்கானலை அடுத்த மேல்மலைச் சிற்றூர்களில் வாழும் குன்னுவர் சமுதாயத்தாரிடையே 'மன்னாடி' என்னும் பட்டம் வழங்கியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' குறிக்கிறது. பாலக்காட்டில் 'மன்னாடியார்' என்பது நாயர் பிரிவினர் சிலரின் பட்டம். கொங்குநாட்டில் பழையகோட்டைப் பட்டக்காரர் 'மன்றாடியார்' என்னும் பட்டமுடையவர். ஒலியால் நெருங்கிய இப்பட்டங்கள் மலைவாழ் உழவரிடமும் மலையாள நாயரிடமும் கொங்கு வேளாளரிடமும் காணப்படுகின்றன.

நாயக்கர் என்னும் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். பழனிமலையடிவாரத்து விருப்பாச்சியில் பாளையக்காரராக இருந்து, திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கி ஆங்கிலேயரை எதிர்த்து, 1801ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட கோபால நாயக்கர், தெலுங்கு பேசும் மரபினர். பெரியார் ஈ. வெ. இராமசாமி கன்னடம் பேசும் நாயக்கர் குடும்பத்தில் பிறந்தவர். வடமாவட்டங்களில் வன்னியரும் நாயக்கர் எனப்படுகின்றனர். பெயர் ஒன்று, மொழி மூன்று.

பிள்ளை என்பதும் அவ்வாறே. தமிழ்நாட்டு வேளாளருக்கும் பிள்ளை. கேரள நாயருக்கும் பிள்ளை. தமிழின் முதற்புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து சீர்திருத்தக் கிறித்தவரானவர். சமயம் மாறியபோதும் இருவரிடமும் பட்டம் மாறவில்லை.

கொடைக்கானலில் நின்று காணத்தக்க இன்னொரு சான்றும் உண்டு. அங்குள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936ஆம் ஆண்டில் எழுப்பியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். பெயரைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்மணி என்றே எவரும் கருதுவர். ஆனால் அவர் ஹாரிசன் என்னும் ஐரோப்பியக் குடும்பத்தில் பிறந்தவர். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, அவர் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டு, அவர் சமயத்தையும் தமதாக ஏற்றவர். அக்கோயில் முற்றத்திலிருந்து வானம் தெளிந்த நாளில் பழனி மலைக்கோயிலைக் காணலாம். அருணகிரியார் இராவுத்தன் என்றழைத்த கடவுளுக்கு, இராமநாதன் என்னும் தமிழ்ப்பெயர் தாங்கிய ஐரோப்பியப் பெண்மணி எழுப்பிய கோயில் அது. பெயரைக்கொண்டு பிறப்பை அளப்போர் இம்மலைமீது ஒருமுறை ஏறிவரின் நன்று.

இன்றைய சிக்கல்கள்

இவையெல்லாம் பழங்கதை, இன்றைய வாழ்வுக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்பார் இருக்கலாம். பயன் உண்டு. இராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்னும் பட்டங்கள் இன்றும் நம் திருமணப் பேச்சுகளில் தலைகாட்டுகின்றன. மாப்பிள்ளையின் கல்வி, ஒழுக்கம், மார்க்கப்பற்று ஆகியவற்றை விசாரிக்கும் முன்பே 'நம்மவரா?' என்னும் வினா எழுகிறது. குதிரை ஏறியவர் மகனுக்குக் கப்பல் ஏறியவர் மகளைக் கொடுக்கத் தயக்கம். ஓதிக்கொடுத்தவர் வீட்டில் பெண் எடுக்கத் தயக்கம். இன்று குதிரையும் இல்லை. பாய்மரக் கப்பலும் இல்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் குதிரைகளைத் தவிர, இவ்வட்டாரத்தில் நாம் காணும் குதிரைகள் மிகச் சில. குதிரை போன பின்னும் சேணத்தைச் சுமந்து திரிவது அறிவுடைமையாகுமா?

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. தமிழ்நாட்டரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் ஏழு பிரிவினர் உள்ளனர். அவற்றுள் ஒன்று, 'இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள்' என்பது. அவர்கள் பேசும் மொழி தமிழாயினும் உருதுவாயினும் சரியே. 2007ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டபோது, இம்மூவரும் ஒரே வரியில் நின்று பயன்பெற்றனர். கல்லூரிச் சேர்க்கைக்கு மூவரும் ஒன்று. கல்யாணத்திற்கு மட்டும் மூவரும் வேறா? அரசின் பேனா ஒரே வரியில் எழுதியதை நாம் மணப்பந்தலில் மூன்றாகப் பிரிப்பது, நமக்கும் நம் மார்க்கத்துக்கும் அழகன்று.

இரண்டாவது சிக்கல் படிவங்களால் வருவது. தமிழர் பெயரிடும் மரபில் குடும்பப்பெயர் என்று ஒன்று கட்டாயமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தம் பெயரை எழுதுவது நம் வழக்கம். ஆனால் கடவுச்சீட்டும் விசாவும் வேறு நாட்டு மரபின்படி குடும்பப்பெயரைக் கேட்கின்றன. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் உடையோர்க்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, வளைகுடாவை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல திகைத்து நின்றன. தந்தை பெயரோ குடும்பப்பெயரோ கடவுச்சீட்டின் உள்பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்னும் விளக்கம் பின்னரே வந்தது. இத்தகைய நெருக்கடியில் ஒருவர் தந்தை பெயரையும், அவர் தம்பி பட்டப்பெயரையும், அவர் மகன் ஊர்ப்பெயரையும் குடும்பப்பெயர் என்று எழுதிக் கொடுக்க நேர்கிறது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் தாளில் மூன்று குடும்பத்தாராகிவிடுகின்றனர். எங்கோ பிறந்த ராவத்தும் இராவுத்தரும் தாளில் உறவினர் போல் தோன்ற, உடன்பிறந்தார் அயலார் போல் தோன்றுகின்றனர். பெயரை மட்டும் வைத்து உறவைக் கணிப்பது எத்துணைப் பேதைமை என்பதற்கு இஃதொன்றே போதும்.

மூன்றாவது சிக்கல் பிறர் பார்வையால் வருவது. பெயரைக் கேட்டவுடன் முகம் மாறுவோரை நாம் கண்டிருக்கிறோம். இராவுத்தர் என்றவுடன் இவர் எங்கிருந்தோ வந்தவர் என்று கருதுவார் உளர். அவர்களுக்கு நாம் சினந்து விடையிறுக்க வேண்டியதில்லை. அருணகிரியாரைக் காட்டலாம்; முத்தால இராவுத்தரைக் காட்டலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பாட்டில் குடிபுகுந்த ஒரு பெயரை அந்நியம் என்று கூற எவருக்கும் உரிமையில்லை.

விடுவதா, வைத்திருப்பதா?

பட்டப்பெயர்களை அறவே விட்டுவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் ஒரு வலிமையான கொள்கை. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. பலர் அன்றே தம் பெயரின் வாலை நறுக்கினர். அதனால் தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டுச் சாதியை அறிவது, பிற மாநிலங்களைக் காட்டிலும் அரிதாயிற்று. இந்நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. பட்டம் உயர்வு தாழ்வுக்குக் கருவியாகும் இடத்தில் அதனை விடுவதே அறம்.

ஆயினும் பெயரை விட்டால் பிரிவும் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. பெயரின் வாலை நறுக்கிய பின்னும் சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் வழக்கம் நாட்டைவிட்டு நீங்கிவிடவில்லை. மேலும், வரலாறு அறியாது விடப்பட்ட பெயரோடு நினைவும் அழிந்துபோகிறது. நம் முன்னோர் கடல் கடந்து வந்த குதிரையைப் பேணினர் என்பதும், தமிழ் அரசர்க்குப் படைத்துணை ஆயினர் என்பதும், தமிழ்ப் புலவர் நாவில் இடம்பெற்றனர் என்பதும் இப்பெயர் காத்து வைத்துள்ள செய்திகள். இச்செய்திகளை இழந்தால், நம்மைப் பற்றிப் பிறர் கட்டும் கதையே வரலாறாகிவிடும்.

ஆகவே எம் கருத்து இதுதான். பட்டப்பெயரை வேலியாக வைத்திருக்க வேண்டா, ஏடாக வைத்திருப்போம். வேலி, உள்ளே இருப்பாரையும் வெளியே இருப்பாரையும் பிரிக்கும். ஏடு, நம் முன்னோர் எவ்வழி வந்தனர், எத்தொழில் செய்தனர், யாரோடு பழகினர் என்பதைச் சொல்லும். பெயரோடு எழுத விரும்புவோர் எழுதட்டும்; விரும்பாதோர் விடட்டும். எழுதுவோர் அதனால் பிறரினும் உயர்ந்தோம் என்று எண்ணற்க. விடுவோர் அதன் வரலாற்றை மறவற்க.

திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் இதற்கு நமக்குக் கிடைத்த பேரொளி. மக்கள் கிளைகளாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்கே என்பதும், இறையச்சம் மிக்கவரே இறைவனிடம் சிறந்தவர் என்பதும் அதன் கருத்து. பெயர் அறிமுகத்திற்கு, மதிப்பு ஒழுக்கத்திற்கு. இதனை நாள்தோறும் ஓதும் நாம், பெண் பார்க்கச் செல்லும் நாளில் மறந்துவிடலாகாது.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம். விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள். உங்கள் பெயரின் பின்னே வந்த பட்டம் எது? அது யாருக்கு, எதனால் வழங்கப்பட்டது? பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார்? பாட்டியார் எந்தப் பட்டமுடைய வீட்டில் பிறந்தார்? பழைய நிலப்பத்திரங்களிலும் பள்ளிவாசல் கணக்கேடுகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது? விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இந்து, கிறித்தவ நண்பர்களும் தத்தம் வீட்டில் இவ்வாறே கேட்டு வரட்டும். பின்னர் அக்குறிப்பேடுகள் அனைத்தையும் வகுப்பறையில் ஒரு மேசைமீது வைத்துப் பாருங்கள். ஒரே பெயரின் கீழ்ப் பல குலங்களும், ஒரே குலத்தில் பல பெயர்களும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். பழனிமலைச் சாரலின் மெய்யான வரலாறு எழுதப்பட வேண்டுமாயின், அம்மேசையிலிருந்தே அது தொடங்கட்டும்.